நாற்பத்து மூன்றாவது முகம்

செவ்வாய் மத்தியானம் மெற்றில்டா சேமித்து வைத்த வீடியோ பதினொரு நிமிடம் எட்டு விநாடி. மறுநாள் காலையில் மகள் றொசானாவுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து ரப்லெற்றைத் திறந்தபோது, அதே வீடியோ பதினொரு நிமிடம் பதினேழு விநாடி என்று காட்டியது.

ஒன்பது விநாடி பெரிய விஷயமில்லைதான். வேறு யாராவது என்றால் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் மெற்றில்டா மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில் நாலு வருடம் ஒரு ஸ்ரூடியோவில் கலியாண வீடியோ வெட்டி ஒட்டியவள். ஒரு முகத்துக்குப் பதினைந்து விநாடி, நாற்பத்து மூன்று முகம், தொடக்கத்தில் சிலுவைக்கும் தேவாலயப் பெயருக்கும் இருபத்து மூன்று விநாடி. கூட்டினால் பதினொன்று எட்டு. அதில் ஒன்பது விநாடி தானாக முளைக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த யாரோவின் பெயரும் அவளுக்கு உடனே மனதில் வந்துவிட்டது.

கடைசி முகம் வரை தள்ளிப் பார்த்தாள். நாற்பத்து மூன்றாவது படம் மங்கி மறைந்தபின் கறுப்பாக முடிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக எதுவோ ஆடியது. காற்று ஒலிவாங்கியில் அறையும் கரகரப்பு, அதற்கடியில் தண்ணீர் சளக் சளக் என்று எதன்மீதோ மோதும் ஓசை, அவ்வளவுதான். கைதவறிப் பதிவான துண்டு போலத்தான் இருந்தது. அவள் அதை வெட்டி எறிந்தாள். மறுபடி சேமித்தாள். பதினொன்று எட்டு.

ரெயில் திரும்பவும் தலைமன்னார் வரை ஓடத் தொடங்கிய வருடம் அது. நவம்பர் இரண்டாம் திகதி மரித்தவர்களின் நாள். அன்று பின்னேரம் சேமக்காலையில் ஒவ்வொரு கல்லறைக்கும் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, சனம் தேவாலய மண்டபத்தில் கூடித் தங்கள் செத்தவர்களின் முகங்களைத் திரையில் பார்க்கும். இந்தியாவிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அந்த வீடியோவைச் செய்து கொடுப்பது மெற்றில்டாதான். பாதி கிழித்த கலியாணப் படம், அடையாள அட்டையின் தலைப்படம், போனிலிருந்து புளூடூத்தில் வரும் மங்கல் படம் என்று என்ன கொடுத்தாலும் அவள் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துத் துடைத்து, சட்டகம் போட்டு, கீழே ஒரு மெழுகுதிரியை எரிய விடுவாள். தாங்கள் மறந்துபோன முகத்தைத் திருப்பித் தந்தவள் என்று ஊரில் அவளுக்கு நல்ல பெயர்.

ஒன்றை மட்டும் யாரும் கொண்டு வருவதில்லை. காணாமல் போனவர்களின் படம். அந்த ஊரில் அப்படி ஏழு வீடு இருந்தது. ஏழு வீட்டிலும் படம் சுவரில் தொங்கும். அதற்கு மெழுகுதிரி ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் தங்கள் கையாலேயே ஆளை முடித்துவிட்டதாக அர்த்தம். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது.

இந்த வருடம் மெற்றில்டா அந்தச் சட்டத்தை மீறினாள். நாற்பத்து மூன்றாவது முகம் அவளுடைய கணவன் கிறிஸ்ரி.

காரணம் வெட்கப்பட வேண்டியதல்ல என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த அவளுடைய வீட்டுக்குப் பூச்சு வேலை செய்ய அடம்பனிலிருந்து வந்த வலன்ரைன் மேசன், மனைவியை இழந்தவன், அதிர்ந்து பேசாதவன், அவளைக் கட்டச் சம்மதமா என்று கேட்டிருந்தான். பாதரிடம் போனபோது அவர் யோசித்தார். எட்டு வருடமாகத் தகவல் இல்லை என்பது சரி, முதலில் ஊர் அவரை இறந்தவராக ஏற்கட்டும், பூசையில் பெயரை வாசிப்போம், மற்றவர்களோடு படமும் வரட்டும், யாரும் எதிர்க்காவிட்டால் கலியாண அனுமதிக்கு ஆயருக்கு எழுதலாம் என்றார். ஆகவே ஒரு படம். பதினைந்து விநாடி. அதன் பிறகு அவளுக்கு ஒரு வாழ்க்கை.

எதிர்க்கக்கூடியவள் ஒருத்திதான். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெற்றிசியா, கிறிஸ்ரியின் அக்கா. சண்டைக் காலம் முழுக்க ஊரை விட்டு அசையாமல் இருந்தவள். பின்னேரங்களில் தென்னோலைக் கிடுகு வேலியில் பொட்டு என்று விட்டிருந்த இடைவெளிக்குள் குனிந்து நுழைந்து, பிரான்சில் இருக்கும் மகனோடு கதைக்க வேண்டும் என்று ரப்லெற்றை வாங்கிப் போவாள். போனால் அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் என்னவும் செய்யலாம்.

வியாழக்கிழமை பின்னேரம் பெற்றிசியா வந்து வாங்கிப்போய்த் திருப்பித் தந்ததும் மெற்றில்டா முதல் வேலையாக நீளத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தொன்று.

இந்த முறை சாம்பல் வெளுத்திருந்தது. வெள்ளை மணல். நாலு பக்கமும் தண்ணீர். தோணியும் மரமும் மனிதச் சுவடும் எதுவும் இல்லாத, முற்றம் அளவு மணல். ஓரத்தில் பாதி புதைந்த துருப்பிடித்த தகரம் ஒன்று. பிடித்திருந்த கை நடுங்கியது போலப் படம் நடுங்கிக்கொண்டிருந்தது. அலை மெல்ல ஏறி மணலைத் தின்று பின்வாங்கியது. அடுத்த அலை இன்னும் கொஞ்சம் தின்றது.

அந்தத் தகரத்தை அவளுக்குத் தெரியும். அதன் நிழலில்தான் ஒரு வயது றொசானாவைக் கிடத்தியிருந்தாள்.

கடலுக்கு நடுவே தண்ணீர் வற்றும்போது தலைகாட்டும் மணல்மேட்டைத் தீடை என்பார்கள். இந்தியாவுக்கு ஓடிய இரவு படகின் ஓட்டி அவர்கள் மூன்று பேரையும் அப்படியொரு தீடையில் இறக்கிவிட்டு, விடியத் தமிழ்நாட்டு வள்ளம் வந்து ஏற்றும் என்று சொல்லிவிட்டுப் போனான். விடிந்தும் வரவில்லை. கிறிஸ்ரி முழங்காலளவுத் தண்ணீரில் நடந்து பக்கத்துத் தீடைக்குப் போனான், அங்கே ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பார்க்க. அவன் போன பிறகு வள்ளம் வந்தது. ரோந்துக் கப்பலுக்குப் பயந்த மீன்பிடிகாரர் எஞ்சினை நிறுத்தாமலே அவளையும் பிள்ளையையும் தூக்கி ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"வேற யாராச்சும் இருக்காங்களா?"

தூரத்தில் ஒரு புள்ளி. புள்ளி போட்டிருந்த சேட்டைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தது. மீன்பிடிகாரருக்குப் பின்பக்கம். அவளுக்கு நேர் முன்னே.

முதல்நாள் இரவு புறப்படும்போது அழுத பிள்ளையை அடக்கவில்லை என்று அவன் அறைந்த அறையில் அவளுடைய இடது காது இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அது முதல் அறையும் இல்லை. அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை.

"இல்லை," என்று சொன்னாள்.

ஊரில் சொன்ன கதை வேறு. ஓட்டி தங்களை முதல் நடையில் ஒரு தீடையில் இறக்கினான், கிறிஸ்ரியை அடுத்த நடையில் கொண்டுவருவதாகச் சொன்னான், அந்த நடை வரவே இல்லை. முகாமிலும் அதுதான், பாதரிடமும் அதுதான், வலன்ரைனிடமும் அதுதான். அவள் வாய் திறக்காதவரை அந்தத் தீடை எது, அதில் யார் நின்றது என்று யாருக்கும் தெரிய வழியில்லை.

அப்படியானால் இதை எடுத்தது யார்?

ரப்லெற்றை மடியில் போட்டாள். கருவாட்டு வாசனையோடு வாடைக்காற்று முற்றத்தைக் கூட்டிக்கொண்டு போனது. றோட்டில் கழுதைகள் இரண்டு அசையாமல் நின்றன. வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சளக். சளக். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். வலது காதை விரலால் இறுக்க அடைத்தாள். தண்ணீர்ச் சத்தம் குறையவில்லை. எட்டு வருடமாகச் செத்துக் கிடந்த இடது காதில் அது தெளிவாகக் கேட்டது.

பயம் அவளைச் சந்தேகத்துக்குள்தான் துரத்தியது. கிறிஸ்ரி சாகவில்லை. அவன் எப்படியோ தப்பியிருக்கிறான். பெற்றிசியா வீட்டில் ஒளிந்திருக்கிறான். இருவருமாகச் சேர்ந்து அவளைப் பைத்தியமாக்குகிறார்கள். இப்படி நினைத்ததும் ஒருவித ஆறுதல்கூட வந்தது. உயிரோடு இருப்பவனென்றால் பொலிசுக்காவது சொல்லலாம்.

வெள்ளி காலையில் வேலிப் பொட்டுக்குள்ளால் பெற்றிசியாவின் கொடியில் காயும் உடுப்புகளை எண்ணிப் பார்த்தாள். ஆண் உடுப்பு இல்லை. உப்புக் கேட்கும் சாட்டில் குசினி வரை போனாள். மேசையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி. ஒன்று குடித்தது. மற்றது ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. அவளுடைய கண் போன இடத்தைப் பெற்றிசியா பார்த்துவிட்டாள்.

"தம்பிக்கு. ஒவ்வொரு நாளும் வைக்கிறனான்," என்றாள். பிறகு உப்பை அளந்து கொடுத்தபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நீ அவன்ரை படத்தைச் செத்த ஆக்களோடை போட்டிருக்கிறாய். நான் பாத்தனான். எடுத்துவிடு, மெற்றில்டா."

"நீங்கள்தானே அதிலை வேறை என்னவோ சேக்கிறியள், மச்சாள்?"

பெற்றிசியா விளங்காமல் பார்த்தாள். தனக்கு மகனோடு கதைக்க அமத்தும் பொத்தானைத் தவிர வேறொன்றும் தெரியாது என்றாள். அந்த முகத்தில் பொய் தெரியவில்லை. ஆனால் பொய் முகத்தில் தெரியாது என்பதை மெற்றில்டாவை விட நன்றாக அறிந்தவர் யார்?

அன்று அவள் கோடு வரைந்து திறக்கும் பூட்டைப் போட்டாள். ரப்லெற்றை அலுமாரிக்குள் வைத்து அலுமாரியையும் பூட்டித் திறப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

சனி பின்னேரம் திறந்தாள். பன்னிரண்டு நிமிடம் இரண்டு விநாடி.

பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். விரல் கேட்கவில்லை. நாற்பத்து மூன்று முகமும் வந்து போயின. மணல் வந்தது. மணல் அமிழ்ந்தது. பிறகு படம் தண்ணீர் மட்டத்தில் வந்துகொண்டிருந்தது, அலை ஏறி இறங்க, பழைய பாலத்தின் துருப்பிடித்த கால்களையும் வெளிச்சவீட்டையும் தாண்டி, கரையில் கவிழ்த்திருந்த வள்ளங்களுக்கு நடுவே, ஒரு மனிதன் நடக்கும் உயரத்துக்கு எழுந்து, றோட்டுக்கு ஏறி, விலகி வழிவிட்ட கழுதைகளைக் கடந்து, ஒரு கிடுகு வேலிக்கு. வேலியில் ஒரு பொட்டு. பொட்டுக்குள்ளால் ஒரு விறாந்தை. விறாந்தையில் கதிரை. கதிரையில் ஒரு பெண், குனிந்து மடியில் எதையோ பார்த்தபடி. நீலப் பூப்போட்ட சட்டை.

மெற்றில்டா தன் சட்டையைப் பார்த்தாள். நீலப் பூ.

தலையைத் தூக்கினாள். பொட்டில் யாரும் இல்லை. ஒரு கிடுகு மட்டும் யாரோ இப்போதுதான் விலக்கிவிட்டது போல ஆடி ஆடி நின்றது. எழுந்து போய்ப் பார்த்தாள். மழை பெய்து நாலு நாள். பொட்டின் அடியில் மணல் ஈரமாக இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

"அம்மா," என்றது பின்னால் ஒரு குரல். றொசானா. ஒன்பது வயதுப் பிள்ளை, கையில் கடிபட்ட பணிஸ். "ஆரம்மா வந்தது?"

ஒருவரும் வரவில்லை என்றாள்.

ஞாயிறு முழுக்க கிறிஸ்ரியின் படத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். நீக்கவா என்று ரப்லெற் கேட்டது. ஆம் என்றால் எல்லாம் நின்றுவிடும் என்று மனம் சொன்னது. ஆம் என்றால் வலன்ரைனும் இல்லை. கேட்காத காதோடும், ஒருவன் எப்போதாவது வருவான் என்ற பயத்தோடும் கடைசிவரை இந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு நாள். அதன் பிறகு அவன் சட்டப்படி செத்தவன். செத்தவன் என்ன செய்வான்? விரலை எடுத்துவிட்டாள்.

திங்கள் காலைப் பூசையில் பாதர் பெயர்களை வாசித்தார். கிறிஸ்ரியின் பெயர் கடைசி. சனம் ஒருதரம் திரும்பி அவளைப் பார்த்தது, பிறகு தலை குனிந்தது. யாரும் எதிர்க்கவில்லை. பெற்றிசியா மட்டும் எழுந்து வெளியே போனாள்.

பின்னேரம் சேமக்காலை முழுக்க மெழுகுதிரிகள். காற்று அணைப்பதும் சனம் மறுபடி ஏற்றுவதுமாக இருந்தது. உருகும் மெழுகு வாசனை, சாம்பிராணி, நனைந்த மணல். றொசானா வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். சூடான மெழுகு கையில் விழாமல் இருக்க மெற்றில்டா தன் வெள்ளை லேஞ்சிக் கைக்குட்டையை மெழுகுதிரியைச் சுற்றிப் பிடிக்கக் கொடுத்திருந்தாள். பெற்றிசியா வந்து பக்கத்தில் நின்றாள். அழுது முடித்த முகம்.

"பேரை வாசிச்சாச்சு. இனி நான் சண்டைக்கு வரேல்லை," என்றாள். "ஒண்டை மட்டும் உண்மையாச் சொல்லு. பிள்ளைக்கு முன்னாலை சொல்லு. உன்னை ஏத்தின வள்ளம் வெளிக்கிடேக்கை தீடையிலை வேறை ஆரும் நிண்டதோ?"

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. மெழுகுதிரிச் சுடர் ஒருபக்கமாகச் சாய்ந்தது. இப்போது சொல்லியிருக்கலாம். இடது காதுக்குள் தண்ணீர் சளக் என்றது.

"இல்லை, மச்சாள்," என்றாள் மெற்றில்டா.

பெற்றிசியா தலையாட்டினாள். மண்டபத்தில் ஆறு மணிக்குப் படம். ரப்லெற் வீட்டில் மின்னேறிக்கொண்டிருந்தது. எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு, தானும் வரப் புறப்பட்ட றொசானாவை மாமி பெற்றிசியாவோடு நில் என்று விட்டுவிட்டு நடந்தாள். வீட்டில் என்ன நிற்குமோ என்ற பயத்தில்தான் விட்டுவிட்டுப் போனாள். சனத்துக்கு நடுவில் பிள்ளை பத்திரமாக இருக்கும்.

வீட்டில் ஒன்றும் இல்லை. கதவு பூட்டியபடி. அலுமாரிக்குப் பக்கத்தில் ரப்லெற்றின் பச்சைப் புள்ளி. எடுத்தாள். கோடு வரைந்தாள். நீளம் பதினொன்று எட்டு.

பதினொன்று எட்டு! மெற்றில்டா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். அழுகை வந்தது. முடிந்தது. அவன் போய்விட்டான். எதற்கும் கடைசியை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று தள்ளினாள்.

நாற்பத்திரண்டாவது முகம், போன வருடம் போன சரவணமுத்து அண்ணை. மங்கினார். நாற்பத்து மூன்றாவது சட்டகம். கீழே மெழுகுதிரி.

சட்டகத்துக்குள் கிறிஸ்ரி இல்லை.

உள்ளே நிறைய வெளிச்சப் புள்ளிகள். மெழுகுதிரிகள். கல்லறைகள். இன்றைய சேமக்காலை. படம் மனிதன் நடக்கும் உயரத்தில், அவசரமில்லாமல், கல்லறைகளுக்கு நடுவே போனது. போன இடத்தில் சுடர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெற்றிசியாவின் முதுகு. குனிந்து யாருக்கோ திரி ஏற்றுகிறாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை.

வெள்ளைச் சட்டை திரும்பியது. அண்ணாந்து பார்த்தது. பயப்படவில்லை. கையை நீட்டியது.

மெற்றில்டா ஓடினாள். செருப்பில்லாமல். ரப்லெற் கையில் இருந்தது தெரியாமல். சேமக்காலை வாசலில் பெற்றிசியா தனியாக வந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை எங்கை?"

"ஒரு ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனதாம். பக்கத்துக் கல்லறையிலை நிண்ட றஞ்சிதம் கண்டவவாம்." பெற்றிசியா கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நீ அனுப்பின ஆள் எண்டெல்லோ நினைச்சன். உடுப்பெல்லாம் நனைஞ்சிருந்ததாம். சேட்டுப் போடேல்லையாம்."

சனம் கூடியது. யாரோ கரைக்கு ஓடினார்கள். யாரோ மணியடிக்கப் போனார்கள். மெற்றில்டாவுக்கு எதுவும் கேட்கவில்லை. வலது காதில் எதுவுமே இல்லை.

இடது காதில் எஞ்சின் சத்தம்.

கையைப் பார்த்தாள். வீடியோ நிற்கவில்லை. பதினொன்று எட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை மணல். நாலு பக்கமும் தண்ணீர். இருட்டப் போகும் வானம். துருப்பிடித்த தகரத்துக்குப் பக்கத்தில் றொசானா தனியாக நின்றாள். அலை அவள் கணுக்காலில் ஏறியது.

வள்ளத்திலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"வேற யாராச்சும் இருக்காங்களா?"

பதில் வருமுன் மெற்றில்டா கத்தினாள். இருக்கிறாள், என்ரை பிள்ளை இருக்கிறாள் என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். சனம் அவளைப் பிடித்தது. திரைக்குள்ளிருந்து அவளுடைய சொந்தக் குரல், எட்டு வருடம் இளைய குரல், களைத்துப் போய், தெளிவாகச் சொன்னது.

"இல்லை."

எஞ்சின் வேகம் கூடியது. தீடை சிறுத்தது. மணல் இல்லாமல் போனது. முழங்காலளவுத் தண்ணீரில் ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளி வெள்ளை லேஞ்சியைத் தலைக்கு மேலே பிடித்து வீசிக்கொண்டே இருந்தது.